கோயம்புத்தூரில் இருக்கும் பாப்பாவுக்கு

சோழவந்தான்,
ஜூலை 2021.

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். ஊரில் காய்ச்சல் கணக்கு இறங்கிக்கொண்டு வருகிறது. வீடு வீடாகப் போய் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்த வேலை குறைந்து, இப்போது தடுப்பூசி முகாமே முழுநேர வேலையாகிவிட்டது. அப்பா வழக்கம்போல மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிப்பதுதான் மிச்சம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை. "நல்லாயிருக்கேன்ம்மா, நீ பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று பேச்சை என் பக்கம் திருப்பிவிடுகிறாய். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், அத்தை அடுப்படியில் இருப்பார்கள். அந்த ரெண்டு அறை வீட்டில் யாருக்கும் கேட்காமல் நீ என்னத்தைப் பேசுவாய்? கடிதம் என்றால் மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கலாம். பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

மாப்பிள்ளை போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அவர் மேல் கோபப்படாதே. நீ ராத்திரி தூங்குவதே இல்லை, ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாய், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாய் என்றார். "என்ன செய்யணும்னு தெரியல அத்தை" என்று சொல்லும்போது அவர் குரலே உடைந்துவிட்டது. ஆம்பிளைகள் இந்த மாதிரி விஷயத்தை மாமியாரிடம் வாய் திறந்து சொல்வது சாதாரணமில்லை. அந்த வகையில் எனக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை கூடித்தான் போயிருக்கிறது.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் உனக்கு வந்திருக்கும் இந்தப் பயம் கோழைத்தனமும் இல்லை, வேலைக்குப் போகும் பெண்ணின் செல்லமும் இல்லை. இதை நான் உன் அம்மாவாக மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் மார்ச்சிலிருந்து இதே பயத்தை நூற்றுக்கணக்கான வாசல்படிகளில் நின்று பார்த்த நர்சாகவும் சொல்கிறேன்.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். மறுநாள் விடிவதற்குள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நடந்துவிட்டது. செய்தி உனக்கும் தெரியும். அது புள்ளத்தாச்சிகளை என்ன செய்தது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் என்று எந்தப் பக்கமாக இருந்தாலும், பிரசவம் சிக்கல் என்றால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுப்போம். நீயே அங்கே பிறந்தவள்தான். அந்த வாசலை மிதிக்கவே பயந்தார்கள். பிரஷர் ஏறிக் கால் வீங்கிப் போன ஒருத்தி, "அக்கா, எது ஆனாலும் ஆகட்டும், வீட்டிலேயே பெத்துக்கிறேன், அங்க மட்டும் எழுதாதீங்க" என்று என் கையைப் பிடிக்க வந்தாள். பிடிக்கவும் முடியாது. ஆறடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்களே.

எங்கள் வேலையில் பாதி, கையால் செய்வது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, தோளில் தட்டுவது, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி அந்தச் சாக்கில் அடுப்படிவரை போய் என்ன ஆக்கியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது. எல்லாம் நின்றுபோய், வாசலில் நின்று பிக்மி நம்பரை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, சரிபார்த்துவிட்டு, சத்து மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

ஒரு புள்ளையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பேரும் ஊரும் வேண்டாம். இருபத்தொரு வயசு, எட்டாம் மாசம், தலைப்பிரசவம். புருஷன் சவுதியில். பிரசவத்துக்கு வருவதாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டான். மார்ச் கடைசியில் விமானமெல்லாம் நின்றுபோனதில் அங்கேயே மாட்டிக்கொண்டான். அட்டையில் பார்த்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிரஷர் சரி, சர்க்கரை சரி, குழந்தையின் இதயத்துடிப்பு சரி. எடை மட்டும் ஏறவில்லை. மாமியார், "ஆக்கிப் போட்டதைத் திங்க மாட்டேங்குறா, எல்லாம் கொழுப்பு" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது மே 4ஆம் தேதி. அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்தைக் கோயிலுக்குள்ளேயே சில குருக்கள் மட்டும் இருந்து நடத்தினார்கள். தெருவே டிவி முன்னால் உட்கார்ந்துதான் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டது. புதுசாகக் கல்யாணம் ஆன புள்ளைகள் அந்த நேரத்துக்காகக் காலையிலேயே குளித்துக் காத்திருப்பார்கள், உனக்குத் தெரியாததா? இவள் எழுந்தே வரவில்லையாம். கயிறு தட்டிலேயே கிடந்தது என்று மாமியார் குறையாகச் சொன்னார். பண்டிகை நாளில் ஒரு பொம்பளை படுக்கையை விட்டு எழவில்லை என்றால் அது கொழுப்பாக இருக்காது.

மறுநாள் போனேன். மாமியாரை ஏதோ காரணம் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டு, திண்ணையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். "குழந்தை எப்படி இருக்குன்னு எல்லாரும் கேட்டாச்சு. நீ எப்படி இருக்க?" என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அக்கா, நான் செத்துட்டா புள்ளைய யாருக்குக் குடுப்பாங்க?" என்றாள். ஒரு வாட்ஸ்அப் வீடியோ பார்த்திருக்கிறாள். எந்த நாட்டு ஆஸ்பத்திரியோ, என்ன வியாதியோ, யாருக்கும் தெரியாது. அதை ராத்திரி ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நீயும் ரெண்டு மணிக்கு என்ன பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும் பாப்பா.

அவளுக்கு என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா வீடு உசிலம்பட்டிப் பக்கம், மாவட்டத்துக்குள்ளேதான். அவள் தம்பி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் உள் ரோடு வழியாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டான். மாமியார் முகத்தைச் சுளித்தார். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விட்டார். பரவாயில்லை, விட்டார். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரிடம் போனில் பேச வைத்தேன். அவர் உடனே மாத்திரை எழுதவில்லை. வாரம் ஒரு தடவை அவரே கூப்பிட்டுப் பேசினார். அம்மா கையால் சாப்பிட ஆரம்பித்தாள், தூக்கம் கொஞ்சம் வந்தது. பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிரசவத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் அழுகை இருந்தது, கொஞ்ச நாள் மாத்திரையும் எடுத்தாள். இப்போது அவள் மகன் எங்கள் துணை சுகாதார நிலைய (சப்-சென்டர்) வாசலில் கோழி விரட்டுகிறான்.

இன்னொருத்தியின் கதை வேறு மாதிரி. பிரசவத்துக்கு அஞ்சு நாள் இருக்கும்போது சளி மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், தொற்று அதிகமான பகுதி என்பதால். அவளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தது, வீட்டு முன்னால் தகரம் அடித்தார்கள், கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தாயும் குழந்தையும் நன்றாகத்தான் திரும்பி வந்தார்கள். ஆனால் அடிகுழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வியாதி அவளை ஒன்றும் செய்யவில்லை. தெரு செய்தது. ரொம்ப மாசம் அவள் படி தாண்டவில்லை. இதற்கு எந்த மாத்திரை கொடுப்பது?

நீ இருக்கும் அபார்ட்மெண்டிலும் அப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். எந்த வீட்டில் யாருக்கு வந்தது என்று அதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதிலிருந்து வெளியே வந்துவிடு. லிஃப்ட் ரிப்பேர் என்றால் மாப்பிள்ளை சொல்வார்.

எங்களுக்கு ஜூம் வழியாக ஒரு பயிற்சி வைத்தார்கள். நெட் விட்டு விட்டு வந்தது, பாதிப் பேர் மைக்கை அணைக்கத் தெரியாமல் வீட்டுச் சண்டையெல்லாம் கேட்டது. ஆனாலும் டாக்டர் சொன்ன சில விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். போன வருஷம் ஏப்ரலில் கனடாவில் கிட்டத்தட்ட 2000 கர்ப்பிணிகளைக் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 37 பேருக்கு மனச்சோர்வு அறிகுறியும், 57 பேருக்குப் பதற்ற அறிகுறியும் கவலைப்படும் அளவுக்கு இருந்திருக்கிறது. பணமும் வசதியும் உள்ள நாடு. அங்கேயே பாதிக்கு மேற்பட்ட பெண்கள் பதறிப் போயிருந்தால், உன் நெஞ்சு படபடப்பதில் அதிசயம் என்ன? அதே ஆராய்ச்சியில், வீட்டாரும் சுற்றத்தாரும் துணையாக இருந்தவர்களுக்கு அறிகுறி குறைவு என்றும், உடம்பை அசைத்து நடந்தவர்களுக்குக் குறைவு என்றும் பார்த்திருக்கிறார்கள்.

கொரோனாவுக்கு முன்னாலும் இது இல்லாமலில்லை. நம் மாதிரி நாடுகளில் கர்ப்ப காலத்தில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கும், பிரசவத்துக்குப் பிறகு இருபது பேருக்கும் மனசு சம்பந்தப்பட்ட கோளாறு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. வேலூர்ப் பக்கம் காணியம்பாடி ஒன்றியத்தில் கிராமத்துப் பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2002இல் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு 11 பேருக்கு மனச்சோர்வு. யாருக்கு அதிகம் வந்தது என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எனக்கு மனப்பாடம்: வருமானம் குறைவு, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், வயிற்றில் இருக்கும்போது வீட்டில் நடந்த துக்கம், பையனை எதிர்பார்த்துப் பொண்ணு பிறந்தது, கைவேலைக்கு உதவி இல்லாதது. இப்போது இதை இந்த ரெண்டு வருஷத்தோடு பொருத்திப் பார். வருமானம் போயிற்று. ஒரே வீட்டுக்குள் எல்லாரும் அடைந்து கிடந்ததில் மனஸ்தாபம் ஏறிற்று. எல்லா வீட்டிலும் ஒரு சாவுச் செய்தி. உதவிக்கு வரவேண்டிய அம்மாவையும் அக்காவையும் மாவட்ட எல்லையில் நிறுத்திவிட்டார்கள். வைரஸ் நுழையாத வீட்டிலும் இதெல்லாம் நுழைந்தது.

போன வருஷம் இ-பாஸ் வாங்கக் கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. "தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போகணும்" என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் எத்தனை பேர் முழித்தார்கள்! காலம் காலமாக ஏழிலோ ஒன்பதிலோ வளையல் போட்டுக் கட்டுச்சோறு கட்டிப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருவது வெறும் சடங்குக்காக என்று நினைத்திருந்தவர்களுக்கு, அதை நிறுத்திய பிறகுதான் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது. புள்ளத்தாச்சிக்கு மூன்று மாசம் தூக்கமும், கேட்டதைச் சமைத்துப் போட ஒருத்தியும், புலம்பினால் கேட்க ஒரு காதும் அதில் இருந்தது.

உனக்குக் கூட ஒரு விஷயம். அத்தை நல்லவர்கள், உன்னைத் தாங்குகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் போனில் பேசும்போதெல்லாம் "பேரன் எப்படி உதைக்கிறான்" என்றே சொல்கிறார்கள். அவர்கள் வெள்ளந்தியாகச் சொல்வதுதான். அது உன் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயங்களில் ஒன்றாக இருந்தால், அதை நீ சொல்ல வேண்டாம், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். சம்பந்திகளுக்குள் பேசிக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது.

சரி, இப்போது நீ செய்யவேண்டியது.

அடுத்த செக்கப்பில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்களா என்று கேள். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. ரத்தம் குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் அசதி, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை எல்லாம் வரும். மனசு என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி உடம்பாக இருக்கும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே. நீ போடுவாய், எனக்குத் தெரியும்.

அடுத்து, பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள். 1987இல் ஸ்காட்லாந்தில் பிரசவித்த பெண்களுக்காக உண்டாக்கியது, இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். போன ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்பதுதான் எல்லாக் கேள்வியும். சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தம் இருந்ததா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. மாப்பிள்ளையிடம்கூடக் காட்ட வேண்டியதில்லை. தனியாக உட்கார்ந்து, யோசிக்காமல் முதலில் தோன்றியதைக் குறி. கூட்டிப் பார்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உன் டாக்டரம்மாவிடம் காட்டு; 13 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே. இது வியாதி என்று முத்திரை குத்துகிற தாள் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று சொல்கிற தாள்.

கடைசிக் கேள்வி மட்டும் தனி. உன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வந்ததா என்று கேட்கும். மற்ற ஒன்பதிலும் முட்டை வாங்கியிருந்தாலும் சரி, இதில் 0 தவிர வேறு எதைக் குறித்தாலும் அந்த நிமிஷமே மாப்பிள்ளையை எழுப்பு, என்னைக் கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணியா, மூன்று மணியா என்று பார்க்காதே. நான் எடுக்காவிட்டால் 104க்குப் போடு, ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அந்த நினைப்பு வருவது பாவமும் இல்லை, உன் குழந்தை மேல் பாசம் இல்லை என்று அர்த்தமும் இல்லை. நல்ல பாசமான தாய்களுக்கே வந்து பார்த்திருக்கிறேன்.

டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் போ. அங்கே முதலில் பேச்சுதான் நடக்கும். மாத்திரை தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக் கூடியவை இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது அவர்கள் வேலை. ஆரம்பித்த பிறகு "குழந்தைக்கு ஆகாதாம்" என்று எங்கோ படித்துவிட்டு நீயாக நிறுத்தாதே. உன் அப்பத்தா பாண்டி கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அதையும் கட்டிக்கொள். எனக்குக் கயிறோடு சண்டை இல்லை. கயிறு கட்டியாயிற்று, இனி டாக்டர் எதற்கு என்று சொல்பவர்களோடுதான் இத்தனை வருஷமும் சண்டை.

தடுப்பூசிக்கு வருகிறேன். இந்த மாசம் 2ஆம் தேதிதான் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி கொடுத்தது. எந்த மாசத்திலும் போடலாம். ஆறு மாசமாக "போடலாமா கூடாதா" என்று தெளிவில்லாமல் தொங்கவிட்டதே பாதிப் பேரின் தூக்கத்தைக் கெடுத்தது. கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தால் சாதாரணப் பெண்ணைவிடச் சிக்கல் அதிகம் என்பது உண்மை. அதற்கு மேல் அதைப் பற்றி நீ படிக்கத் தேவையில்லை, அதற்காகத்தான் ஊசி இருக்கிறது. கோவிஷீல்டோ கோவாக்சினோ, கிடைப்பதைப் போடு. கை வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம், டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போடலாம். என் சப்-சென்டரில் முதலில் வந்தது ஏழு மாசப் புள்ளத்தாச்சி ஒருத்தி. ஊசி போட்டு அரைமணி நேரம் உட்கார வைத்தோம். எழுந்து போகும்போது, "இன்னைக்குத்தான்க்கா மூச்சு விட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருவேளை பிரசவ நேரத்தில் உனக்குப் பாசிட்டிவ் என்றே வந்தாலும் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படாதே. மாஸ்க் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். பிரசவ அறைக்குத் துணைக்கு ஆள் விடுவார்களா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள். போன வருஷம் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புருஷனையும் அம்மாவையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட்டால் விதி என்றார்கள். எந்த விதி என்று யாரும் காட்டவில்லை. அந்தப் பொண்ணு பத்து மணி நேரம் தெரியாத முகங்களுக்கு நடுவில், அதுவும் கவச உடைக்குள் முகமே தெரியாத ஆட்களுக்கு நடுவில் வலி எடுத்துக் கிடந்தாள். நீ முன்கூட்டியே கேள். விடமாட்டோம் என்றால் ஆஸ்பத்திரியை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது.

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் நாலாம் நாள் அழுகை பொத்துக்கொண்டு வரும். பெரும்பாலான தாய்களுக்கு வருவதுதான். பால் கட்டும், தூக்கம் இருக்காது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ரெண்டு வாரத்தில் அதுவாக அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தாலோ, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டாலோ, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாவிட்டாலோ அப்போதும் இதே தாளை எடு. அதற்கு நான் பக்கத்தில் இருப்பேன், நானே பார்த்துக்கொள்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் மாப்பிள்ளை கையில் இருக்கட்டும். செய்தி வேண்டுமென்றால் காலையில் ஒரு தடவை பேப்பர் பார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் அரைமணி நேரம் நட. துணைக்கு மாப்பிள்ளையும் நடக்கட்டும், தொப்பை குறையும். உன்னோடு காலேஜில் படித்த மதுரைப் பிள்ளை ஒருத்தி போன வருஷம் ஊரடங்கில் பெற்றாளே, அவளிடம் பேசு. நான் ஆயிரம் சொன்னாலும் நான் பெற்றது வேறு காலம். எனக்கு வளைகாப்பு அன்றைக்குத் தெருவே வந்து கையில் வளையல் அடுக்கியது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அழகரைப் பார்க்கவும் போனேன். ரெண்டு வருஷமாக அழகரே ஆற்றுக்கு வரவில்லை. உன் பயத்தின் அளவு எனக்கு முழுசாகத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டாம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் பிறந்துவிட்டு என்ன பழக்கம் அது? மாப்பிள்ளை முன்னால் அழு. அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது, "எல்லாம் சரியாகிவிடும்" என்பார். அதைச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன் போனிலேயே. கடையில் சாமான் வாங்குவது, ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுவது, சொந்தக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்வது மூன்றும் இனி அவர் பொறுப்பு. ஒத்துக்கொண்டுவிட்டார்.

"அம்மாவே காய்ச்சல் வார்டும் முகாமுமா அலையுறா, அவளிடம் போய் எதைச் சொல்வது" என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்தே நீ அப்படித்தான். நான் ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணீரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, என் பிள்ளை மட்டும் எனக்குப் பயந்து சிரித்துக்கொண்டிருந்தால் அந்த நோட்டை வைத்து என்ன செய்வது? நீ சொன்னால் எனக்குப் பாரம் ஏறாது. நீ சொல்லாமல் இருக்கும் ராத்திரிகளில்தான் எனக்கும் தூக்கம் இல்லை.

5ஆம் தேதியிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டுவிட்டார்கள், பாஸும் வேண்டாம். எனக்கு இந்த மாசம் லீவு கிடையாது, முகாம் முடிய வேண்டும். அப்பா இந்த வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறார். ரெண்டு டோஸும் போட்டாயிற்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், அப்பத்தா கொடுத்த கயிறு எல்லாம் அவர் பையில் இருக்கும். ஊறுகாயை அளவாகத் தின், உப்பு அதிகம். ஒரு வாரம் அங்கே இருந்து உன்னை நடக்க வைப்பார். அத்தையிடம் சொல்லியாயிற்று, மாப்பிள்ளைக்கும் தெரியும். ஆகஸ்டில் எனக்கு லீவு விட்டதும் நான் வருகிறேன். வளைகாப்பைப் பத்துப் பேரை வைத்து வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டு உன்னைக் கூட்டி வந்துவிடுகிறேன். பெரியாஸ்பத்திரியா, வேறு எங்காவதா என்பதை உன் ஸ்கேன் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

அந்தத் தாளை அப்பா திரும்பி வருவதற்குள் போட்டு முடித்து, மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் எனக்கு மெசேஜில் அனுப்பு. வெறும் நம்பர் போதும்.

அன்புடன்,
அம்மா